கையில் பச்சை குத்திக்கொள்ளும் முன்: நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரும் அவர்களுடைய பிள்ளைகளும் இப்போதெல்லாம் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "கையில் பச்சை குத்திக்கொள்ளலாமா?" என்பது. மறைந்த தாயின் பெயர், குழந்தையின் பாதச்சுவடு, நோயிலிருந்து மீண்ட நாள், அறுவைத் தழும்பை மறைக்கும் பூங்கொடி என்று அதற்கான காரணங்கள் பலவாகும். அந்த விருப்பத்தைப் பழிப்பதும் தூண்டுவதும் எங்கள் நோக்கமன்று. ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. நோயுற்ற ஒருவரின் உடலில் மருத்துவமனை அன்றாடம் நாடுகின்ற உறுப்பு கையே. இரத்தம் எடுப்பதும், இரத்த அழுத்தம் பார்ப்பதும், மருந்தை நரம்பின் வழியே ஏற்றுவதும், டயாலிசிஸ் செய்வதும் பெரும்பாலும் கையின் வழியாகத்தான். ஆகவே "எந்தப் படம்?" என்று தேடுவதற்கு முன், "எந்தக் கை, அதில் எந்த இடம், எந்தக் காலம்?" என்று தீர்மானிப்பது நல்லது. அதற்குத் துணையாக இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பச்சை தோலில் நிலைப்பது எவ்வாறு?

நமது தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. மருதாணி சில வாரங்களில் மறைவதற்கு அதுவே காரணம். பச்சை குத்தும் ஊசியோ மேல்தோலைக் கடந்து, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள அடித்தோலில் மையைச் செலுத்துகிறது. அந்நிய பொருள் நுழைந்ததை உணர்ந்த உடல், அதை அகற்ற விழுங்கு செல்களை அனுப்புகிறது. அச்செல்கள் மைத்துகளை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க இயலாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஒரு செல் இறந்தால், அது விட்டுச்செல்லும் மையை அடுத்த செல் விழுங்கிக்கொள்கிறது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2018இல் எலிகளிடம் செய்த ஆய்வில் காட்டினர். பச்சை ஆண்டுக்கணக்கில் அழியாதிருப்பதன் இரகசியம் இதுதான்.

கரியால் ஆன கறுப்பு மை தோலுக்கடியில் நீலம் கலந்த பச்சையாகத் தோன்றுவது, தோல் ஒளியைச் சிதறச் செய்வதால். நம் பாட்டிமாரின் முன்கையில் கோலமாகவும் புள்ளியாகவும் இருந்த அடையாளத்திற்குப் "பச்சை" என்ற பெயர் பொருத்தமாக அமைந்ததும் அதனால்தான்.

மையின் ஒரு பகுதி நிணநீர் வழியாக அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் செல்கிறது. பின்னாளில் மார்பக எக்ஸ்-ரே படத்திலோ கணுவை வெட்டி எடுத்துச் செய்யும் பரிசோதனையிலோ அது நோயின் அறிகுறியைப் போல மருத்துவரை ஐயுறச் செய்வதுண்டு. கையில் பச்சை உள்ளவர்கள் இத்தகைய பரிசோதனைகளின்போது அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சுருங்கச் சொன்னால், பச்சை என்பது ஆயிரக்கணக்கான சிறு துளைகளால் ஆன ஒரு புண். அது ஆறிய பின்னும் உள்ளே ஓர் அந்நிய பொருள் நிலையாகத் தங்கிவிடுகிறது. கீழே நாங்கள் கூறும் ஒவ்வொரு அறிவுரையும் இவ்வுண்மையிலிருந்து பிறப்பதே.

முதலில் கையைத் தேர்ந்தெடுங்கள்

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இது மிக முக்கியமானது. டயாலிசிஸ் செய்வதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கப்படும் ஃபிஸ்டுலா, நோயாளியின் உயிர்நாடி போன்றது. அது பெரும்பாலும் எழுதாத கையில், அதாவது வலக்கைப் பழக்கம் உடையவருக்கு இடக்கையில் அமைக்கப்படுகிறது. வேலைக்கு இடையூறு வேண்டாம் என்று கருதிப் பச்சை குத்திக்கொள்ளப் பலரும் தேர்ந்தெடுப்பதும் அதே கைதான். ஃபிஸ்டுலா உள்ள கையில் பச்சை குத்தவே கூடாது. இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவராயினும், சிறுநீரக நோய் முற்றிவருவதாக மருத்துவர் கூறியிருந்தால், எந்தக் கையைக் காக்க வேண்டும் என்று கேட்டறிந்து, அந்தக் கையை விட்டுவிடுங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்கள் நீக்கப்பட்டவர்கள், அந்தப் பக்கத்துக் கையில் பச்சை குத்துவதைத் தவிர்க்க வேண்டும். நிணநீர் வடிகால் குறைந்த கையில் சிறு கிருமித்தொற்றும் வேகமாகப் பரவும். நீங்காத வீக்கத்திற்கும் வழி வகுக்கும். அறுவை நடந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்த அபாயம் முற்றிலும் மறைவதில்லை.

முழங்கையின் உள்மடிப்பு இரத்தம் எடுக்கும் இடம். அங்கே அடர்ந்த கறுப்பு நிறத்தில் பச்சை இருந்தால் செவிலியருக்குச் சிரை எளிதில் தென்படாது. நரம்பூசி போட்ட இடம் சிவப்பதும், மருந்து ஒவ்வாமையால் தடிப்பு எழுவதும் கண்ணுக்குத் தப்பிவிடலாம். ஆறிய பச்சையின் மேல் ஊசி போடுவது தடை செய்யப்பட்டதன்று. ஆயினும் அடிக்கடி இரத்தம் கொடுக்க வேண்டிய நோயாளிகள் அந்த மடிப்பையும் முன்கையில் தெளிவாகத் தெரியும் சிரைகளையும் விட்டுவைப்பது அவர்களுக்கே நன்மை. அசைவு மிகுந்த இடமாதலால் மடிப்பில் குத்திய படம் விரைவில் மங்குவதும் உண்டு.

தோளை ஒட்டிய மேற்கையில் வலி குறைவு. சட்டைக்குள் மறைந்தும் இருக்கும். ஆனால் மேடுதட்டி வளரும் கீலாய்டுத் தழும்பு எளிதில் உண்டாகும் இடங்களில் அதுவும் ஒன்று. உங்கள் மேற்கையில் குழந்தைப் பருவத்தில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பைத் தொட்டுப் பாருங்கள். அது தட்டையாக இல்லாமல் தடித்து, புண்ணின் எல்லையையும் தாண்டிப் பரந்திருந்தால், உங்கள் தோல் கீலாய்டு உண்டாகும் இயல்புடையதாக இருக்கலாம். அத்தகையோர் தோல் மருத்துவரைக் காணாமல் பச்சை குத்திக்கொள்ளலாகாது.

மச்சத்தின் மேலும் பச்சை குத்தக் கூடாது. மச்சத்தின் நிறமோ வடிவமோ மாறுவது தோல் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். மை அதை மறைத்துவிடும்.

காத்திருக்க வேண்டியவர்கள் யார்?

நீரிழிவு உள்ளவர்கள், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு கட்டுக்குள் வரும் வரை காத்திருக்க வேண்டும். சர்க்கரை மிகுந்த உடலில் புண் தாமதமாக ஆறும். கிருமிகள் எளிதில் பெருகும்.

கீமோதெரபி பெறுகின்றவர்களுக்கும், உறுப்பு மாற்றத்திற்குப் பின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் சாதாரணத் தொற்றே பெருந்தீங்காக முடியலாம். சிகிச்சை முடிந்தபின் இரத்த அணுக்கள் மீண்டனவா என்பதை உங்கள் மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். வாழ்நாள் முழுதும் அம்மருந்துகளைத் தொடர வேண்டியவர்கள் இவ்விருப்பத்தைக் கைவிடுவதே நலம்.

இதய வால்வில் குறைபாடு உள்ளவர்களுக்கும் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும், தோலின் வழியே இரத்தத்தில் நுழையும் கிருமிகள் இதயத்தின் உட்படலத்தைத் தாக்கும் அபாயம் உண்டு. வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களுக்கு இரத்தக் கசிவு மிகும். "பச்சை குத்துவதற்காக இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று சிலர் கேட்கின்றனர். நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் மருந்தைத் தாமாக நிறுத்துவது மாரடைப்பை வரவழைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

சோரியாசிஸ், வெண்புள்ளி ஆகிய தோல் நோய்கள் காயம்பட்ட இடத்தில் புதிதாகத் தோன்றும் இயல்புடையவை. பச்சை குத்திய கோட்டின் வழியே அவை படரக் கூடும். கருவுற்றிருக்கும் பெண்கள் மகப்பேறு முடியும் வரை தள்ளிவைப்பது நல்லது. அறுவைத் தழும்பை மறைக்க விரும்புகின்றவர்கள், அது வெளுத்து மென்மையாகும் வரை, குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். கதிர்வீச்சு பெற்ற தோலில் புண் எளிதில் ஆறாது, அவ்விடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இரத்த தானமும் பச்சையும்

குடும்பத்தார் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது. பச்சை குத்திக்கொண்டவர் அன்றிலிருந்து 12 மாதங்கள் இரத்த தானம் செய்யலாகாது என்பது நம் நாட்டு இரத்த வங்கிகள் பின்பற்றும் விதி. ஊசியின் வழியே ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய வைரஸ்களுள் ஒன்று நுழைந்திருந்தால், தொடக்க நாட்களில் அது பரிசோதனையில் தென்படாமல் போகலாம். அந்த இரத்தத்தைப் பெறுபவரைக் காப்பதற்கே இந்த இடைவெளி.

தந்தையின் அறுவை சிகிச்சை நெருங்கும் வேளையில், அன்பின் அடையாளமாக அவர் பெயரைக் கையில் குத்திக்கொள்ளும் மகன், அவருக்கு இரத்தம் கொடுக்கும் தகுதியை ஓராண்டுக்கு இழந்துவிடுகிறார். அரிய இரத்தப் பிரிவினர் உள்ள குடும்பத்திலும், இரத்தத் தட்டணுக்கள் அடிக்கடி தேவைப்படும் நோயாளியின் வீட்டிலும் இது சிறிய இழப்பன்று. வீட்டில் ஒருவருக்குச் சிகிச்சை நடக்கும் காலத்தில் மற்றவர்கள் பொறுத்திருப்பதே உண்மையான உதவி.

நோயாளிக்கே அறுவை சிகிச்சை குறிக்கப்பட்டிருந்தால், அதற்கு முந்தைய வாரங்களில் பச்சை குத்தக் கூடாது. ஆறாத புண் கிருமிகளுக்கு வாயில் ஆகும். புதிய பச்சையின் மேல் ஊசி போடுவதும் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றுவதும் இயலாது.

படத்தையும் எழுத்தையும் திட்டமிடுதல்

முடிவெடுத்த பின் உடனே கடைக்குச் செல்லாமல், படத்தைத் தாளில் அச்சிட்டுச் சில வாரங்கள் கண்ணில் படும் இடத்தில் வைத்துப் பாருங்கள். துயரமோ பெருமகிழ்ச்சியோ பொங்கும் நாட்களில் எடுக்கும் முடிவைச் சற்று ஆறப்போடுவது நல்லது. வேலை தேடும் இளைஞர்கள், தாங்கள் விரும்பும் பணியின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இராணுவம், துணை இராணுவப் படைகள் ஆகியவற்றில் பச்சையின் இடத்திற்கும் அளவிற்கும் கட்டுப்பாடுகள் உண்டு.

மை காலப்போக்கில் தோலுக்குள் சற்றே பரவும். நுண்ணிய கோடுகள் தடிக்கும். நெருங்கிய கோடுகள் ஒன்றாகும். தமிழ் எழுத்துகளில் இது விரைவில் புலப்படும். ண, ணை, இ போன்றவற்றின் சுழிகள் சிறியனவாக இருந்தால் அடைபட்டுப்போகும். மெய்யெழுத்தின் புள்ளி அருகிலுள்ள கோட்டோடு கலந்துவிடும். எனவே எழுத்தைப் பெரிதாகவும் இடைவெளி விட்டும் அமைக்கச் சொல்லுங்கள். பெயரைத் தாளில் தெளிவாக எழுதிக்கொடுத்து, தோலில் ஒற்றியெடுத்த அச்சை மற்றொருவரைக் கொண்டும் படிக்கச் செய்து பிழை பாருங்கள். அச்சை ஒற்றும்போது கையை இயல்பாகத் தொங்கவிட்டு நில்லுங்கள். திருப்பி நீட்டிய கையில் நேராக இருக்கும் வரி, கையைத் தொங்கவிட்டதும் கோணலாகத் தோன்றும்.

நிறங்களுள் சிவப்பே ஒவ்வாமையை அதிகம் உண்டாக்குவது. அரிப்பும் தடிப்பும் குத்திய சில மாதங்களுக்குப் பின்னரும், சில ஆண்டுகளுக்குப் பின்னரும்கூடத் தோன்றலாம். முன்கூட்டிச் சிறு புள்ளி குத்திச் சோதிப்பது முழு உறுதி தராது. நிலையான பச்சைக்கு மாற்றாக விற்கப்படும் "கறுப்பு மருதாணி"யும் தீங்கற்றதன்று. அதில் சேர்க்கப்படும் தலைமுடிச் சாயப் பொருள் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். வாழ்நாள் முழுதும் சாயங்களுக்கு ஒவ்வாமையை உண்டாக்கவும் கூடும்.

"பெனிசிலின் ஒவ்வாது", "நீரிழிவு" என்று மணிக்கட்டில் பச்சை குத்திக்கொள்பவர்களும் உள்ளனர். அவசர நேரத்தில் அது உதவலாம். ஆனால் அதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. மருந்தும் நோய்நிலையும் மாறும், பச்சை மாறாது. மருத்துவ அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

முன்காலத்தில் ஊர்த் திருவிழாவில் ஒரே ஊசியால் பலருக்கும் குத்துவது வழக்கமாக இருந்தது. இன்றும் திருவிழாக் கடைகளிலும் சாலையோரத்திலும் குத்திக்கொள்வதைத் தவிருங்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத் துளியில் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக் கூடியது. ஊசியைத் துடைப்பதாலோ வெந்நீரில் அலசுவதாலோ அது அழிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

ஒட்டிய உறையில் உள்ள புதிய ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். குத்துபவர் கைகளைக் கழுவிப் புதிய கையுறை அணிய வேண்டும். மையைப் புட்டியிலிருந்து ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். எஞ்சியதைப் புட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது. மையைக் குழாய் நீரால் நீர்க்கச் செய்வதை ஒப்புக்கொள்ளாதீர்கள். தூய்மையான கடையிலும் மையின் தரம் முக்கியம். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 2011ஆம் ஆண்டின் இறுதியில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோல் தொற்று ஏற்பட்டது. கடைக்கு வருமுன்னரே மை கிருமியுற்றிருந்தது என்பது விசாரணையில் தெரியவந்தது.

வலி தெரியாமலிருக்கத் தடவும் மரப்புக் களிம்பை அதிக இடத்தில் பூசிப் பிளாஸ்டிக்கால் சுற்றினால், மருந்து இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். இதய நோயாளிகள் இதைத் தவிர்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளை முடிக்க ஆறு மாதம் ஆகும். பச்சை குத்தத் திட்டமிடுபவர் முதலில் அதைப் போட்டுக்கொள்வது அறிவுடைமை. ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவற்றிற்குத் தடுப்பூசி இல்லை.

புண் ஆறும் வரை

மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உள்தோல் முற்றிலும் சீராக இரண்டு மூன்று மாதம் ஆகலாம். கடையில் போட்ட கட்டை அவர்கள் கூறும் நேரத்தில், சோப்பால் கழுவிய கைகளால் பிரியுங்கள். நாளுக்கு இருமுறை மணமற்ற மென்மையான சோப்பாலும் ஓடும் நீராலும் கழுவி, தூய துணியால் ஒற்றியெடுங்கள்; தேய்க்காதீர்கள். பின்னர் மணமற்ற களிம்பை மெல்லிதாகப் பூசுங்கள். அடர்த்தியாகப் பூசினால் தோல் ஊறிப்போகும். மஞ்சள், சுண்ணாம்பு, செக்கெண்ணெய், பற்பசை எதையும் இடக் கூடாது.

முதல் சில நாட்கள் சிவப்பும் சிறு வீக்கமும் நீர்க்கசிவும் இயல்பே. இரண்டாம் வாரத்தில் தோல் செதில் செதிலாக உரியும், அரிக்கும். சொறியவோ பொருக்கைப் பிய்க்கவோ கூடாது. மை போவதோடு தழும்பும் விழும். ஆறும் வரை குளம், ஆறு, கடல், நீச்சல் குளம் எதிலும் இறங்காதீர்கள். தளர்வான பருத்திச் சட்டை அணியுங்கள். வெயிலில் துணியால் மூடுங்கள். ஆறிய பின் சன்ஸ்கிரீன் பூசினால் நிறம் நெடுநாள் நிற்கும்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

மூன்று நாட்களுக்குப் பின்னும் சிவப்பு பரவிக்கொண்டே போனாலும், வலி குறையாமல் கூடினாலும், சீழ் வந்தாலும் உடனே வாருங்கள். காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருந்தாலோ, கையில் மேல்நோக்கிச் செங்கோடு ஓடினாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். சில வாரங்கள் கழித்துச் சிறு சிறு கட்டிகள் தோன்றி ஆறாமல் இருந்தால், அது சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படாத தொற்றாக இருக்கலாம். கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்.

பிறருக்குப் பயன்படுத்திய ஊசியால் குத்தப்பட்டதாக ஐயம் எழுந்தால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் பயன் உண்டு; எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. வயதில் இளைய பிள்ளைகள் வீட்டாருக்குத் தெரியாமல் குத்திக்கொண்டு, புண்ணையும் மறைப்பதுண்டு. பெற்றோர் கோபத்தைப் பின்னர் வைத்துக்கொண்டு, முதலில் பிள்ளையை அழைத்து வர வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் பச்சை தடையன்று. அரிதாகச் சிலருக்கு அவ்விடத்தில் சூடு அல்லது எரிச்சல் தோன்றலாம்; எனவே பணியாளரிடம் முன்பே தெரிவித்து, எரிச்சல் தோன்றினால் உடனே சொல்லுங்கள்.

நீக்க விரும்பினால் லேசர் சிகிச்சை உண்டு. ஆனால் அது பல வார இடைவெளியில் பல அமர்வுகளாகத் தொடர்வது, செலவும் மிகுதி. கறுப்பு மை ஓரளவு எளிதில் மறையும். பச்சை, மஞ்சள் நிறங்கள் எளிதில் போகா. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் வெளுப்போ கருமையோ தழும்போ எஞ்சலாம். குத்துவதற்கு எடுக்கும் சில மணி நேரத்தையும், நீக்குவதற்கு வேண்டிய மாதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது உங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: எனது எந்தக் கையைக் காக்க வேண்டும்? எனது நோயும் மருந்தும் இதற்கு இடம் தருமா? எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? இவற்றுக்கு விடை பெற்ற பின் படத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. அதில் நாங்கள் தலையிட மாட்டோம்.